கதை இருந்தது, கருத்துத்தான் பொய்

ஷங்கர் இயக்கிய '2.0' திரைக்கு வந்தது 2018 நவம்பர் 29ஆம் திகதி. அதைப் பற்றிய தீர்ப்பு அன்று மாலைக்குள் வந்துவிட்டது. இன்றுவரை மேன்முறையீடு இல்லாமல் நிற்கிறது. படத்தில் கதை இல்லை, ஆனால் நல்ல கருத்து இருக்கிறது என்பதே அந்தத் தீர்ப்பு. பத்திரிகை விமர்சகர்கள் சொன்னதும் இதுதான், இலங்கையில் எங்கள் கலேவெலக் கடைத்தெருவில் இன்றும் கேட்பது இதுதான். சிட்டுக்குருவியைப் பற்றி யார் பேச்செடுத்தாலும் பக்கத்தில் நிற்பவர் கைத்தொலைபேசி டவரைக் காட்டுவார். ஷங்கர் படத்திலேயே சொல்லிவிட்டாரே என்பார். படத்தின் கதை எப்படி என்று கேட்டால் உதட்டைப் பிதுக்குவார்.

இந்தத் தீர்ப்பு தலைகீழானது. '2.0'இல் கதை இருக்கிறது. தமிழில் வந்த சூப்பர் ஹீரோ படங்களில் அவ்வளவு துணிச்சலான கதையை நான் வேறொன்றில் பார்த்ததில்லை. இல்லாதது கருத்துத்தான். நாம் மெச்சிக்கொண்ட அந்தக் கருத்து விஞ்ஞானத்தின் முன் நிற்காது. அதைவிட மோசம், அது நமக்கு வசதியாக இருக்கிறது.

எதிர்த்தரப்பின் வாதத்தில் உள்ள நியாயத்தை முதலில் கொடுத்துவிடுவோம். கதை இல்லை என்று தோன்றுவதற்குக் காரணங்கள் உண்டு. 2015 டிசம்பரில் தொடங்கிய படப்பிடிப்பு. 2017 தீபாவளிக்கு வருகிறது என்று அறிவித்து, கிராபிக்ஸ் வேலை முடியாமல் ஓர் ஆண்டுக்கு மேல் தள்ளிப்போன வெளியீடு. 500 கோடி இந்திய ரூபாய்க்கு மேல் போனதாகப் பேசப்பட்ட செலவு. படம் வருமுன் நம் காதில் விழுந்ததெல்லாம் இந்தக் கணக்குத்தான். நீரவ் ஷாவின் ஒளிப்பதிவு நேரடியாக முப்பரிமாணக் கெமராவில் நடந்தது, ஸ்ரீநிவாஸ் மோகனின் மேற்பார்வையில் கிராபிக்ஸ் செய்தார்கள், டெல்லி ஜவஹர்லால் நேரு விளையாட்டரங்கில் சண்டை எடுத்தார்கள், ரசூல் பூக்குட்டி ஒலிக்குப் புதிய தொழில்நுட்பம் கொண்டுவந்தார் என்று செய்தி செய்தியாக வந்தது. கதையைப் பற்றி ஒரு வரி வரவில்லை. விற்கப்பட்டது தொழில்நுட்பம், ஆகவே வாங்கியவர்களும் தொழில்நுட்பத்தை மட்டும் பார்த்துவிட்டு வந்தார்கள்.

படத்துக்குள்ளும் குறைகள் இருக்கின்றன. இறந்தவரின் ஆத்ம சக்தியை ஒளித்துகள் கணக்கில் விளக்கும் இடங்கள் சிறுபிள்ளைத்தனமானவை. ஏமி ஜாக்சனின் நிலா என்ற இயந்திரப் பெண் பாதி நேரம் அலங்காரப் பொருள். முன்பாதி முழுவதும் கைத்தொலைபேசிகள் பறக்கின்றன, மனிதர்கள் சாகிறார்கள், காரணம் தெரிவதில்லை. இவற்றையெல்லாம் ஒப்புக்கொள்கிறேன். குறையுள்ள கதை வேறு, இல்லாத கதை வேறு.

கதை இல்லை என்பவர்கள் அதை ரஜினிகாந்திடம் தேடினார்கள். அது அக்‌ஷய் குமாரிடம் இருந்தது. அவர் நடித்த பட்சிராஜன் ஒரு பறவையியல் பேராசிரியர். பறவை ஆய்வாளர் சாலிம் அலியின் சாயலில் வடிக்கப்பட்ட வயோதிபர். தன் கண்முன்னே பறவைகள் விழுந்து சாவதைப் பார்த்து மனுக் கொடுக்கிறார், அதிகாரிகளிடம் போகிறார், நீதிமன்றம் ஏறுகிறார். சட்டம் காட்டிய கதவு ஒவ்வொன்றையும் தட்டிய பிறகு, டவரிலேயே தூக்குப் போட்டுக்கொள்கிறார். படத்தின் முதற்காட்சி அந்தச் சாவுதான். பிறகு அவரது ஆவி ஊரிலுள்ள கைத்தொலைபேசிகளையெல்லாம் திரட்டிப் பறவையாகி, மொத்த வியாபாரியையும் தொலைத்தொடர்பு முதலாளியையும் அமைச்சரையும் கொல்கிறது. அதைத் தடுக்க அரசாங்கம் முதற்படத்து இயந்திர மனிதனான சிட்டியைத் திரும்ப எழுப்புகிறது.

இங்கேதான் முதற்படத்தை நினைவுபடுத்திப் பார்க்கவேண்டும். 2010 ஒக்டோபர் 1ஆம் திகதி வந்த 'எந்திரன்' எப்படி முடிந்தது? சிவப்புச் சிப் பொருத்தப்பட்ட சிட்டி ஊரை அழித்தது. நீதிமன்றம் அதைப் பிரித்துப்போடச் சொன்னது. சிட்டி தன்னைத்தானே பாகம் பாகமாகக் கழற்றிக்கொண்டது. ஆபத்தான ஆயுதம் என்று சட்டம் தீர்ப்புச் சொல்லிப் பூட்டிவைத்த ஒன்றை, இரண்டாம் படத்தில் அதே அரசு தனக்கு நெருக்கடி வந்ததும் வெளியே எடுக்கிறது. அத்தோடு நிற்கவில்லை. நல்ல சிட்டி தோற்றதும் அந்தப் பழைய சிவப்புச் சிப்பையே மீண்டும் செருகுகிறார்கள். முதற்படத்தில் வில்லனுக்குப் பெயராக இருந்த 2.0 இரண்டாம் படத்தில் மீட்பனின் பெயர். படத்தின் தலைப்பும் அதுவே. எந்தத் தீமையை ஒழித்ததற்காக முதற்படத்தில் கைதட்டினோமோ அதே தீமைக்கு இரண்டாவதில் விசில் அடிக்கிறோம். இதைக் கதை இல்லை என்று எப்படிச் சொல்வது?

உச்சக்காட்சி இன்னும் கொடியது. பட்சிராஜன், சிட்டியைப் படைத்த விஞ்ஞானி வசீகரனின் உடலுக்குள் புகுந்துகொண்டு வெளியேற மறுக்கிறார். சிவப்புச் சிட்டியாலும் முடியவில்லை. அப்போது விரலளவுச் சிட்டிகள் புறாக்களின் முதுகிலேறி வருகின்றன. நீ வெளியே வராவிட்டால் இந்தப் புறாக்கள் சாகும் என்று மிரட்டுகின்றன. பட்சிராஜன் வெளியே வருகிறார், அதனால்தான் தோற்கிறார். நிதானமாக யோசித்துப் பாருங்கள். பறவைகளுக்காகச் செத்தவனை, பறவைகளைப் பணயம் வைத்து வெல்கிறான் நாயகன். வில்லனுக்கு ஓர் எல்லை இருக்கிறது, நாயகனுக்கு அது இல்லை. தியேட்டரில் பிள்ளைகள் சிரித்து ஆரவாரித்த அந்த இடத்தில் தமிழ் மசாலாப் படத்தின் நீதிக் கணக்கு முழுவதும் கவிழ்ந்து கிடந்தது. ஷங்கரின் முந்தைய நாயகர்களான 'இந்தியன்' தாத்தாவும் 'அந்நியன்' அம்பியும் ஊழல்காரர்களைக் கொன்றபோது நாம் அவர்கள் பக்கம் நின்றோம். பட்சிராஜன் செய்ததும் அதையேதான். இம்முறை நம்மை எதிர்ப்பக்கத்தில் உட்காரவைத்தார் இயக்குநர். நாமும் இடம் மாறியது தெரியாமலே உட்கார்ந்திருந்தோம்.

எழுத்தாளர் சுஜாதா இல்லாததால் கதை போய்விட்டது என்ற புலம்பலும் இந்தத் தீர்ப்போடு ஒட்டிக்கொண்டு வருகிறது. சுஜாதா 2008 பெப்ரவரியில் மறைந்தார். 'எந்திரன்' வசனத்தில் அவருக்குப் பங்கு உண்டு, '2.0'இல் ஷங்கரோடு சேர்ந்து எழுதியவர் ஜெயமோகன். சுஜாதாவின் குறும்பு இரண்டாம் படத்தில் இல்லைதான். ஆனால் 'எந்திரன்' கதையின் எலும்புக்கூடு என்ன? மனிதன் படைத்த உயிர் மனிதனைப்போல் அன்பு கேட்கிறது, கிடைக்காததும் அழிக்கப் புறப்படுகிறது. மேரி ஷெல்லி 1818இலேயே வெளியிட்ட கதை அது. அதைத் தமிழில் அழகாகச் சொன்னார்கள், அவ்வளவுதான். சட்டத்தின் வழியில் போய்த் தோற்றவன் பேயாகி வருகிறான், அவனை அடக்க அரசு தன் சட்டத்தையே மீறுகிறது என்பது '2.0'இன் எலும்புக்கூடு. இரண்டில் எது பழசு, எது புதுசு?

இந்தக் கதையை மறைத்தது அதன் தயாரிப்பு முறைதான். இவ்வளவு பணம் போட்ட படம் ரஜினிகாந்தை வெல்லவைத்தே தீரவேண்டும். பட்சிராஜனின் வாழ்க்கை ஒரு பின்கதைக்குள் அடக்கப்பட்டது. அவன் தோற்ற பிறகு வசீகரன் ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்தபடி, அந்த மனிதர் சொன்னதில் உண்மை இருக்கிறது, கதிர்வீச்சைக் கட்டுப்படுத்துங்கள் என்று இன்னோர் அமைச்சரிடம் சொல்வதோடு கணக்கு மூடப்படுகிறது. அதே 2018இல் வந்த 'பிளாக் பாந்தர்' படத்தை ஒப்பிடலாம். அங்கேயும் வில்லனின் குற்றச்சாட்டு நியாயமானது. அவனைக் கொன்ற பிறகு நாயகன் மாறுகிறான். அந்த வில்லன் வளர்ந்த ஓக்லண்டிலேயே கட்டடங்களை வாங்கி, பூட்டிக்கிடந்த தன் நாட்டின் கதவைத் திறக்கிறான். வசீகரன் மாறவில்லை, ஒரு சிபாரிசு செய்தான். கதையின் துணிச்சலுக்குக் கடைசியில் போடப்பட்ட மூடி அது. விந்தை என்னவென்றால், நாம் கதையை எறிந்துவிட்டு அந்த மூடியைத்தான் கருத்து என்று வீட்டுக்கு எடுத்துவந்தோம்.

இனி அந்தக் கருத்தைப் பார்ப்போம். கைத்தொலைபேசிக் கதிர்வீச்சு பறவைகளைக் கொல்கிறது, சிட்டுக்குருவி காணாமற்போனது அதனால்தான் என்கிறது படம். லண்டன் கென்சிங்டன் தோட்டத்தில் 1925இல் எண்ணியபோது 2,603 சிட்டுக்குருவிகள் இருந்தன. 1948இல் 885. 1975இல் 544. 2000இல் எட்டு. சரிவின் பெரும்பகுதி கைத்தொலைபேசி என்ற பொருள் சந்தைக்கு வருமுன்பே முடிந்துவிட்டது. குதிரை வண்டிகள் போனதோடு சிந்திய தானியம் போனது. பிறகு பூச்சிகள் குறைந்தன, கூடு கட்டும் பொந்துகள் குறைந்தன. இவையெல்லாம் காரணமாகப் பேசப்படுகின்றன. எதிலும் டவர் இல்லை.

இந்தியாவுக்கு வருவோம். நாடு முழுவதும் பறவை பார்ப்பவர்களின் பதிவுகளைத் தொகுத்து 2020இல் வெளியான இந்தியப் பறவைகள் நிலை அறிக்கை, சிட்டுக்குருவி நாடு முழுதாகப் பார்த்தால் நிலையாக இருப்பதாகவும் சென்னை உட்பட ஆறு பெருநகரங்களில் குறைந்திருப்பதாகவும் சொன்னது. டவர் இன்று எந்தக் கிராமத்தில் இல்லை? கதிர்வீச்சே கொலைகாரன் என்றால் கிராமத்துக் குருவி எப்படிப் பிழைத்தது? 2010இல் இந்தியச் சுற்றாடல் அமைச்சு அமைத்த குழு, கிடைத்த ஆய்வுகளைத் திரட்டி எச்சரிக்கையோடு இருக்கச் சொன்னது உண்மை. 2012 செப்டெம்பர் முதல் இந்தியா தன் கதிர்வீச்சு எல்லையைச் சர்வதேச அளவின் பத்தில் ஒன்றாகக் குறைத்துக்கொண்டதும் உண்மை. படத்தின் முடிவில் வசீகரன் கேட்ட கட்டுப்பாட்டைப் படம் வருவதற்கு ஆறு ஆண்டுகளுக்கு முன்பே சட்டம் கொடுத்திருந்தது. டவர்கள் பறவைகளைக் கொத்துக்கொத்தாகக் கொல்கின்றன என்பதற்கு மட்டும் இன்றுவரை உறுதியான சான்று இல்லை.

பறவையைக் கொல்வது எது என்று உண்மையிலேயே கண்டுபிடித்த கதை ஒன்று இருக்கிறது. 1990களிலிருந்து இந்தியாவின் பிணந்தின்னிக் கழுகுகள் செத்து விழுந்தன. வெண்முதுகுக் கழுகு 99 வீதத்துக்கும் மேல் அழிந்தது. ஆய்வாளர்கள் செத்த கழுகுகளை அறுத்துப் பார்த்தார்கள். சிறுநீரகம் கெட்டிருந்தது. 2004இல் காரணம் வெளிவந்தது: மாட்டுக்கு வலிக்குக் கொடுக்கும் டைக்ளோபெனாக் மருந்து. மருந்து ஊறிய மாட்டின் பிணத்தைத் தின்ற கழுகு செத்தது. 2006இல் இந்தியா அந்த மருந்தை மாடுகளுக்குக் கொடுப்பதைத் தடை செய்தது. இதில் ஆவி இல்லை, ராட்சதப் பறவை இல்லை. நல்ல மனசோடு மாட்டுக்கு மருந்து போட்ட விவசாயியும் சந்தையில் மலிவாகக் கிடைத்த ஊசியும்தான் இருந்தன. பறவைகளின் சாவு பெரும்பாலும் இப்படித்தான் வருகிறது, யாருடைய கெட்ட எண்ணமும் இல்லாமல்.

படம் வெளியாவதற்குச் சற்று முன், இந்தியத் தொலைத்தொடர்பு நிறுவனங்களின் சங்கம் தணிக்கைக் குழுவிடம் முறையிட்டது. விஞ்ஞானத்துக்கு மாறான எண்ணத்தைப் படம் பரப்புகிறது என்றது. நம்மவர்கள் அதைக் கருத்து உண்மை என்பதற்கான சாட்சியாகவே எடுத்துக்கொண்டார்கள்: உறைக்காவிட்டால் ஏன் துடிக்கிறார்கள்? இந்தத் தர்க்கம் சரியென்றால் எந்தக் குற்றச்சாட்டையும் மறுக்கவே முடியாது. படத்தை நிறுத்தச் சொல்ல அவர்களுக்கு உரிமை இல்லை. அதனால் அவர்கள் சொன்ன விஞ்ஞானம் பொய்யாகிவிடவும் இல்லை.

இதைவிடக் கேட்கவேண்டிய கேள்வி வேறு. கைத்தொலைபேசியைச் சபிக்கும் இந்தப் படத்துக்குப் பணம் போட்டவர் யார்? லைக்கா நிறுவனத்தின் சுபாஸ்கரன் அல்லிராஜா. எங்கள் நாட்டில் பிறந்து, லண்டனில் கைத்தொலைபேசிச் சேவை நடத்திப் பெரும் பணக்காரரானவர். லைக்கா மொபைல் பிறருடைய டவர்களில் நேரம் வாங்கி விற்கும் நிறுவனம். இதைப் பாசாங்கு என்று கேலி செய்தவர்கள் உண்டு. எனக்கு அதில் பாசாங்கு தெரியவில்லை, கணக்குத் தெரிகிறது. தன் தொழிலைத் திட்டும் படத்துக்கு ஒரு தொழிலதிபர் பயமில்லாமல் பணம் போடுகிறார் என்றால், அந்தத் திட்டு யாரையும் சுடாது என்பது அவருக்குத் தெரியும். படம் பார்த்து வெளியே வந்தவர்களில் ஒருவர்கூடப் போனை வீசவில்லை. வாசலிலேயே போனை எடுத்து, போனுக்கு எதிரான படம் அருமை என்று நண்பருக்குச் செய்தி அனுப்பினார்கள். யாரும் கைவிடப்போவதில்லை என்று உறுதியான ஒன்றைக் குற்றவாளியாக்குவது மிகவும் மலிவான அறம்.

கலேவெலயில் இருந்து பார்க்கும்போது இது இன்னும் தெளிவாகத் தெரிகிறது. தென்னாசியாவில் கைத்தொலைபேசி முதலில் வந்தது எங்கள் நாட்டுக்கு, 1989இல். இந்தியாவில் முதல் அழைப்பு நடந்ததே 1995இல். படத்தின் கணக்கு சரியென்றால் இலங்கையின் வானம் எப்போதோ வெறிச்சோடியிருக்கவேண்டும். எங்கள் ஊரில் நடப்பது வேறு. மாத்தளை மாவட்டத்தின் இந்த வடமேற்கு மூலையில் பெரிய வெங்காயமும் மரக்கறியும் போடுகிற கமக்காரர் எவரிடமும் பறவை குறைந்துவிட்டதா என்று கேட்டுப் பாருங்கள். மயிலைப் பற்றி ஒரு பாட்டம் ஏசுவார். விதை தூவினால் மயில், முளை வந்தால் மயில், காய் வந்தால் குரங்கு, இரவில் காட்டுப்பன்றியும் யானையும். மயில் உலர்வலயத்துப் பறவை. கடந்த சில பத்தாண்டுகளில் ஈரவலயம்வரை பரவிவிட்டது. காடு திறந்தது, நரி குறைந்தது என்று ஆய்வாளர்கள் காரணம் சொல்கிறார்கள். கதிர்காமக் கந்தனின் வாகனம் என்பதால் அடிக்கவும் கை வராது, தம்புள்ளைப் பொருளாதார மத்திய நிலையத்துக்கு மூட்டை போகாவிட்டால் கடன்காரனுக்குப் பதில் சொல்லவும் முடியாது.

இந்த மனிதருக்கு '2.0'இன் கருத்து என்ன சொல்கிறது? ஒன்றும் சொல்வதில்லை. டவரைப் பார் என்கிறது. சிட்டுக்குருவிக்கும் அது உதவுவதில்லை. குருவிக்குஞ்சு வளர்வது பூச்சியில். பூச்சி சாவது எங்கள் தோட்டங்களில் வாரந்தோறும் அடிக்கிற மருந்தில். ஓட்டு வீட்டின் இடுக்கில் இருந்த கூடு, கொங்கிறீட் தட்டு வந்ததும் போய்விட்டது. 2021இல் அரசாங்கம் இரசாயன உரத்துக்கும் மருந்துக்கும் ஒரே நாளில் தடை போட்டபோது நாடெங்கும் விவசாயிகள் தெருவுக்கு வந்தார்கள், விளைச்சல் விழுந்தது, சில மாதங்களில் தடையை எடுத்தார்கள். பூச்சிக்கும் பயிருக்கும் நடுவே நியாயம் தேடுவது எவ்வளவு கஷ்டம் என்று அந்த ஆண்டு காட்டியது. அந்தக் கஷ்டத்திலிருந்து தப்ப ஒரு குறுக்குவழிதான் டவர். அதைத் திட்டினால் மருந்துத் தெளிப்பானைக் கீழே வைக்கவேண்டியதில்லை, வீட்டின் கூரையை யோசிக்கவேண்டியதில்லை, வெங்காயம் எந்த விலைக்கு வந்தால் மருந்தைக் குறைக்க முடியும் என்று நகரத்தவர் கணக்குப் பார்க்கவேண்டியதும் இல்லை.

கருத்து கைவிட்ட இடத்தில் கதை எங்களோடு பேசுகிறது. 2023இல் அரசாங்கத்தார் ஒரு லட்சம் குரங்குகளைச் சீனாவுக்கு அனுப்பலாம் என்று யோசித்தார்கள். எதிர்ப்பு வந்ததும் கைவிட்டார்கள். 2025 மார்ச் 15ஆம் திகதி காலை எட்டு மணிக்கு, ஐந்து நிமிடத்தில், குரங்கையும் மயிலையும் மரஅணிலையும் நாடு முழுவதும் எண்ணச் சொன்னார்கள். கமக்காரரின் இழப்பு உண்மை, அதற்கு விடை வேண்டும். ஆனால் 1937ஆம் ஆண்டிலேயே வனவிலங்கு, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் போட்ட நாட்டில் காட்டு உயிர்கள், நெருக்கடி வந்ததும் ஏற்றுமதிச் சரக்காகவும் எண்ணிக்கையாகவும் மாறுவதை நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கிறோம். தான் போட்ட பூட்டை அவசரம் வந்ததும் தானே திறக்கிற அரசு. முறைப்படி மனுக் கொடுத்து ஓய்ந்துபோகிற மனிதர். கடைசியில் பணயமாகிற பறவை. இவை மூன்றும் '2.0'இன் கதையில் இருக்கின்றன. கருத்தில் ஒன்றுகூட இல்லை.

பிள்ளைகள் பார்க்கிற படம், பறவைமேல் அன்பு வந்தால் போதாதா, விஞ்ஞானம் கொஞ்சம் பிசகினால் என்ன என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். போதாது. பிசகிய காரணத்தோடு வருகிற அன்பு பிசகிய இடத்துக்குத்தான் போகும். மார்ச் 20ஆம் திகதி சிட்டுக்குருவி நாளில் டவர் படம் வரைந்து சிவப்புக் கோடு போடுகிற பிள்ளைக்கு, தன் வீட்டு முற்றத்தில் புழு ஏன் இல்லை என்ற கேள்வி எழாது. விடையை நாம் முன்கூட்டியே கொடுத்துவிட்டோம்.

பொழுதுபோக்குப் படத்தில் இவ்வளவு தோண்டலாமா என்று கேட்பவர்களுக்கும் பதில் உண்டு. கருத்துக்காக அந்தப் படத்தைப் பாராட்டியபோது தோண்டலாம் என்று நீங்கள்தானே ஆரம்பித்தீர்கள்? கருத்தை மட்டும் தோண்டி எடுத்துக்கொண்டு, கதையைத் தொட்டதும் வெறும் கிராபிக்ஸ் என்று கைகழுவுவது எந்த நியாயம்? ஒரு படம் தன் வாயால் சொல்வது வேறு, அது நடத்திக் காட்டுவது வேறு. வசீகரன் கட்டிலில் படுத்துச் சொன்னதை எவரும் எழுதிக் கொடுக்கலாம். புறாவின் முதுகிலேறி வந்த மிரட்டலை ஒரு கதைசொல்லியால்தான் யோசிக்க முடியும். அவர் அதை முழுதாக உணர்ந்து வைத்தாரா, தற்செயலாக வந்ததா என்பது இரண்டாம் கேள்வி; திரையில் இருப்பது இருக்கிறது.

சிட்டி நம்முடைய சூப்பர் ஹீரோ. அவன் வென்றது நம் போனைக் காப்பாற்ற. அதற்காகப் பறவைகளைப் பணயம் வைத்தான். அந்த வெற்றியை உண்டு அனுபவிக்கிற நாம், கதிர்வீச்சைக் குறையுங்கள் என்ற ஒற்றை வரியால் கையைத் துடைத்துக்கொள்ள முடியாது. '2.0'ஐ இன்னொரு முறை பார்ப்பவர்கள் கடைசிச் சிபாரிசை விட்டுவிடுங்கள். வென்றவன் எதைச் செய்து வென்றான் என்று மட்டும் பாருங்கள். அதற்குப் பிறகும் கதை இல்லை என்று சொல்ல முடிந்தால் சொல்லுங்கள்.